ஸ்கார்பியாவ சாம்பிள் பாக்கிறது எப்படி

தேயிலை ஸ்டோர்ல, அதாவது தோட்டத்து ஃபேக்டரியில, காலையில மொத வேலை சாம்பிள் பாக்கிறது தான். முந்தின நாள் ராத்திரி போட்ட தூளையெல்லாம் வரிசையா வெள்ளக் கோப்பையில எடுத்து, எல்லாத்துக்கும் ஒரே நிறை, 2.8 கிராம், ஒரே கொதி தண்ணி, கரெக்டா 6 நிமிஷம், அப்புறம் வடிச்சு கொஞ்சம் ஆற விட்டு கரண்டியால அள்ளி சர்ர்ருன்னு இழுத்து நாக்கு பூரா அடிக்க விட்டு துப்பிடணும். குடிக்கிறது கெடையாது. ஒரு கோப்பைக்கு மட்டும் கை தவறி அரை கிராம் கூடிப்போச்சுன்னா அன்னைக்கு அது தான் ராஜா மாதிரி தெரியும், மத்ததெல்லாம் வெறும் தண்ணி மாதிரி இருக்கும், அப்புறம் டீமேக்கர் வந்து தராசப் பாத்துட்டு ஏசுற ஏச்சு இருக்கே, அத விடுங்க.

ஒப்பேராவுல, அதாவது கதைய பூராவும் பாடியே நடிக்கிற மேல்நாட்டு நாடகத்துல, ஒரே பாத்திரத்த பாடின நாலஞ்சு பெரிய ஆளுங்கள பக்கத்து பக்கத்துல வச்சு கேக்கிறதும் அப்படியே தான். நான் ரொம்ப வருஷமா அரை கிராம் கூடின கோப்பைய நல்ல தூள்னு சொல்லிட்டு திரிஞ்ச ஆளு, அதாவது யாரு சத்தமா பாடுறாரோ அவரு தான் பெரிய வில்லன். இப்ப அப்படி கேக்கிறதில்ல, எனக்குன்னு ஒரு முறை வச்சிருக்கேன், அத தான் எழுதுறேன். ஒப்பேரா பத்தி ஒண்ணும் தெரியாதவங்களும் செய்யலாம். இத்தாலி பாஷை எனக்கும் தெரியாது.

பாத்திரம் ஸ்கார்பியா. இத்தாலி இசையமைப்பாளர் புச்சினியோட டோஸ்காங்கிற ஒப்பேராவுல வர்ற வில்லன். 1900 ஜனவரி 14ல ரோம்ல மொத தடவ மேடையேறினது. கதை நடக்கிறதும் ரோம்ல தான், 1800 ஜூன் மாசம், ஒரு பகல்ல தொடங்கி அடுத்த நாள் விடியிறதுக்குள்ள எல்லாரும் செத்து முடிஞ்சிடும். டோஸ்கா பெரிய பாட்டுக்காரி, அவளோட ஆளு கவரடோசி, படம் வரையிறவன், ஜெயில்ல இருந்து தப்பி வந்த ஒரு அரசியல் கைதிய ஒளிச்சு வைக்கிறான். அவங்கள மோப்பம் புடிச்சு வர்ற போலீஸ் தலைவன் தான் இந்த ஸ்கார்பியா, பாரன் பட்டம் வச்சிருக்கிறவன், சர்ச்சுல முழங்கால் போடுவான், மனசுல வேற ஓடும். காதலன் தெனோர், அதாவது ஆம்பள குரல்ல மேல் கட்டை, அடியில இருக்கிறது பாஸ், ரெண்டுக்கும் நடுவுல பாரிடோன். வில்லனுக்கு பெரும்பாலும் இந்த நடுக்குரல தான் இத்தாலிக்காரங்க குடுக்கிறாங்க, ஏன்னா நாம பேசுற குரலுக்கு கிட்டக்க இருக்கிறது அது தான்.

ஏன் இந்த பாத்திரம்னா, மூணு அங்கத்துல இவன் வர்றது மொத ரெண்டுல மட்டும். ரெண்டாவது முடியிறப்போ குத்துப்பட்டு செத்துடுவான். ஆனா திரை தூக்கிறதுக்கு முன்னாடியே, வேற முன்னிசை எதுவும் இல்லாம, மொத்த வாத்தியமும் சேந்து மூணு கோர்டு, அதாவது பல சுரத்த ஒண்ணா சேத்து, அடிக்கும் பாருங்க, அது இவனோடது. ஆளு வர்றதுக்கு முன்னாடியே தொரையோட ஜீப்பு சத்தம் கேட்டு, காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களமே விறைச்சு நிக்கும்ல, அது மாதிரி. தனியா நின்னு கை தட்டல் வாங்கிற மாதிரி நீளமான பாட்டும் இவனுக்கு பெருசா கெடையாது, பாதிக்கு மேல பேச்சு மாதிரியே போகும். அதனால குரல் இருக்கிறவன் மட்டும் இத பாடி தப்பிக்க முடியாது.

எனக்கு எப்படி கெடச்சதுன்னு ஒரு கதை. எங்க சித்தப்பா இலங்கை மலையகத்துல ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவுல ஒரு தோட்டத்துல பங்களா அப்புவா, அதாவது தொரை வீட்டு வேலைக்காரரா, இருந்தவரு, இருபது வருஷத்துக்கு மேல. ஒரு பெரிய தொரை மாறிப் போறப்போ வேணாம்னு விட்டுட்டு போன சாமானோட ஒரு பெட்டி கேசட் வந்துச்சு. அதுல ரெண்டு கேசட்டுல மட்டும் பேனாவால டோஸ்கான்னு எழுதி 1, 2ன்னு நம்பர் போட்டிருந்தது. ஒண்ணாம் நம்பர்ல ஒரு பக்கம் மொத அங்கம், திருப்பிப் போட்டா ரெண்டாவது அங்கம். ரெண்டாம் நம்பர போட்டா முழுக்க பைலா பாட்டு, யாரோ மேலயே பதிஞ்சிட்டாங்க. ஆக டோஸ்கா கத்தியால குத்துறா, வில்லன் சாகுறான், கேசட்ட மாத்தினா எல்லாரும் கை தட்டி ஆடுறாங்க. எனக்கு அது தான் முடிவு. இந்த பைலா விசயம் பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்குங்க.

லயத்துல அத போட்டப்போ பக்கத்து வீட்டு ஆயா "யாரு செத்தா"ன்னு கேட்டுட்டு வந்துச்சு. சித்தப்பா மட்டும் பீடிய அணைச்சுட்டு கேட்டாரு. ரெண்டாவது அங்கத்துல, பக்கத்து ரூம்ல கவரடோசிய சித்திரவதைக்கு கொண்டு போனதுக்கு அப்புறம், ஸ்கார்பியா டோஸ்கா பக்கம் திரும்பி மெதுவா ஒண்ணு சொல்லுவான். சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா அந்த இடத்துல சொன்னாரு: "இது ஆபீஸ் ஐயாமார கூப்பிட்டு 'ஒக்காருங்க'ன்னு சொல்ற குரல்டா. தொரை ஒக்காரச் சொன்னா வேல போச்சுன்னு அர்த்தம்." ரொம்ப வருஷம் கழிச்சு வசனத்த தேடிப் பாத்தேன். எத் ஓர் ஃப்ரா நோய் பர்லியாம் த புவோனி அமீச்சி. இனி நாம ரெண்டு பேரும் நல்ல சினேகிதங்க மாதிரி பேசலாம், அது தான் அர்த்தம்.

என் முறை மொத்தமும் அந்த பீடி அணைச்ச இடத்துல இருந்து வந்தது தான். ஸ்கார்பியாவ அவன் கத்துற இடத்துல எட போடாதீங்க, மரியாதையா பேசுற இடத்துல போடுங்க.

இப்ப வேலைக்கு வருவோம். மொதல்ல எந்த எந்த கோப்பை. பத்து பேர எடுத்தா நாக்கு செத்துடும், நாலு பேர் போதும். தித்தோ கோபி, 1953ல மிலான்ல தி சபாத்தா வாத்தியக் குழுவ நடத்தின பதிவு, டோஸ்காவா மரியா காலாஸ். என் கேசட்டுல இருந்தது இது தான்னு பின்னாடி தெரிஞ்சது. ஜுசெப்பே தத்தேயி, 1962ல வியன்னாவுல கரயான் நடத்தினது, லியோன்டீன் பிரைஸ் டோஸ்கா. லெனர்ட் வாரன், 1957 ரோம் பதிவு, லைன்ஸ்டோர்ஃப் நடத்தினது. ஜார்ஜ் லண்டன், 1959, டோஸ்காவா தெபால்தி. இதுல ஒரு வசதி இருக்கு, 1953லயும் 1962லயும் கவரடோசி ஒரே ஆளு, ஜுசெப்பே தி ஸ்தேஃபனோ. அவர வச்சு நீங்க தராசு சரியான்னு பாக்கலாம். அவர் குரல் எவ்வளவு மாறித் தெரியுதோ அதுல பாதி பதிவோட வித்தியாசம், மீதி ஒன்பது வருஷ வயசு. அத கழிச்சுட்டு தான் வில்லனுங்க பக்கம் போகணும்.

கோபின்னு சொன்னேன், இத்தாலிக்காரங்க மாதிரி அழுத்தி சொன்னா கோப்பின்னு தான் வாயில வரும். தேயிலைக்கு முன்னாடி இந்த மலையெல்லாம் கோப்பி, அதாவது காபி, தானே, 1869ல இலை நோய் வந்து அழிச்சது, அதனால கோப்பி மேல எனக்கு ஒரு பரம்பரை பாசம்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க.

அடுத்தது சத்தத்த சமன் பண்றது. இத செய்யாம ஒப்பிட்டா எல்லாம் வீண். 1953 பதிவு மோனோ, 1962 ஸ்டீரியோ, பெரிய ஹால்ல பதிஞ்சது, அது காதுல விரிஞ்சு கேக்கும். ஃபோன் செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டிக்குள்ள போனா மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அத போட்டுடுங்க, எல்லாம் ஒரே நிலைக்கு வந்துடும். அப்புறம் ஒவ்வொரு பதிவுலயும் அந்த மொத மூணு கோர்டு இருக்கே, அத போட்டு ஒரே அளவு சத்தம் வர்ற வரைக்கும் வால்யூம ஏத்தி எறக்கி, எந்த அளவுன்னு ஒரு துண்டுல எழுதி வச்சுக்குங்க. பாடகர கேட்டு வால்யூம் வைக்காதீங்க, அது அரை கிராம் கூட்டுற வேல.

இடமும் பாக்கணும். தகரக் கூரைக்கு கீழ ஜூன், ஜூலை மழையில கேட்டீங்கன்னா ஸ்கார்பியா மெதுவா பேசுற அத்தனையும் மழையோட போயிடும், கத்துற இடம் மட்டும் மிஞ்சும், அப்புறம் நானும் ஒரு காலத்துல சொன்ன மாதிரி "வாரன் தான் பெரிய ஆளு"ன்னு சொல்லுவீங்க. ஹட்டன் பஸ்ஸுலயும் சரிப்படாது. ராத்திரி மழை விட்டப்புறம் இயர்ஃபோன் போட்டு கேளுங்க, கரண்டு போனா இன்னும் நல்லது, பக்கத்து வீட்டு டீவியும் சேந்து போயிடும், பாட்ட மட்டும் முன்கூட்டியே எறக்கி வச்சிருக்கணும்.

பாஷை தெரியாதேன்னு பயப்பட வேணாம், நம்ம காதுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு. இத்தாலியில த சத்தம் நம்ம த மாதிரி, பல்லுல நாக்கு படுறது, ட இல்ல. அதே மாதிரி இரட்டிக்கிற எழுத்து. துத்தான்னா துத்தா, அந்த ஒற்றுல நின்னு போகணும், நாம பது வேற பத்து வேறன்னு சின்னதுலயே புடிச்சவங்க தானே. இங்கிலீஷ் பேசி வளந்த பாடகர் அவசரத்துல டுடான்னு விட்டுட்டு போனா நமக்கு ஒடனே காதுல குத்தும். அமெரிக்காக்காரங்க நெறைய பேரு இதுல சுத்தமா பயிற்சி எடுத்தவங்க, அதையும் சொல்லணும். ஆனா ஒற்றுல எவ்வளவு நேரம் நிக்கிறாருங்கிறது உச்சரிப்பு மட்டும் கெடையாது, ஸ்கார்பியாவோட அதிகாரமே அதுல தான் இருக்கு. அவன் அவசரப்பட மாட்டான். மத்தவங்க அவனுக்காக காத்து நிப்பாங்க.

வசனத்த இத்தாலி, இங்கிலீஷ் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி எடுத்து, கேக்கப் போற ஆறு ஏழு வரிய மட்டும் தமிழ் எழுத்துல எழுதி வச்சுக்குங்க. முழு ஒப்பேராவையும் நாலு தடவ கேக்க சொல்லல, அது ரெண்டு மணி நேரத்துக்கு கிட்டக்க வரும் ஒவ்வொண்ணும். இடத்த புடிச்சு அத மட்டும் மாத்தி மாத்தி போடுங்க.

மொத இடம் உள்ள வர்றது. சர்ச்சுல பாட்டு பையன்களெல்லாம் குதிச்சு கூத்தடிச்சிட்டு இருப்பாங்க, திடீர்னு அந்த மூணு கோர்டு, எல்லாம் அடங்கும், இவன் சொல்லுவான் ஊன் தல் பக்கானோ இன் கியேசா, பெல் ரிஸ்பெத்தோ. கோயில்ல என்ன இவ்வளவு கூச்சல், நல்ல மரியாதை. அவ்வளவு தான். லண்டன் இத சொல்றப்போ குரலே இருட்டு, அவரு பாஸுக்கு கிட்டக்க இருக்கிற பாரிடோன், கனடாவுல மொன்ட்ரியால்ல பொறந்தவரு, வாய தொறந்தாலே மேகம் எறங்கின மாதிரி இருக்கும். மொத ரெண்டு நிமிஷம் அவரு தான் ஜெயிப்பாரு. ஆனா அந்த இருட்டு கடைசி வரைக்கும் அதே இருட்டு தான், எனக்கு அது ஒரு குறை. நல்ல தூளும் அப்படி தான், சாயம் சீக்கிரம் எறங்கிறதெல்லாம் நின்னு பேசாது.

ரெண்டாவது இடம் தீர்த்தம் குடுக்கிற இடம், இங்க தான் நெறைய நேரம் செலவு பண்ணணும். டோஸ்கா திரும்பி வர்றா, இவன் தூணுக்கு பக்கத்துல இருந்து வந்து சர்ச் வாசல் தண்ணியில விரல நனைச்சு அவ பக்கம் நீட்டுறான். தோஸ்கா திவீனா, தெய்வீகமான டோஸ்கா, உங்க சின்னக் கைக்கு என் கை காத்துட்டு இருக்கு, சரசத்துக்கு இல்ல, தீர்த்தம் குடுக்கத்தான். பின்னால மணி மெதுவா அடிச்சிட்டே இருக்கும். ஒரு சத்தமான சுரம் கெடையாது. தத்தேயி இத பாடுறப்போ குரல் அப்படியே கித்துள் பாணி, அந்த மரத்துப் பாகு, மாதிரி வழியும், உண்மையிலேயே நல்ல மனுசன்னு தோணும், நானே கைய நீட்டியிருப்பேன். கோபி குரல்ல அந்த இனிப்பு கெடையாது, கொஞ்சம் வறண்ட குரல், மேல போனா இறுகும், குரல் அழகுக்கு மட்டும் மார்க் போட்டா நாலு பேர்ல கடைசி. ஆனா அந்த திவீனாவ ரெண்டு முறை கேளுங்க. மரியாதையா தான் சொல்றாரு, ஆனா வார்த்தை முடியிற இடத்துல ஒரு நூல் அளவுக்கு எடை போடுற மாதிரி ஒரு தொனி இருக்கும், சந்தையில கோழிய தூக்கிப் பாக்கிறவன் மாதிரி. டோஸ்காவுக்கு கேக்காது, நமக்கு கேக்கும். தத்தேயி நம்மளையும் சேத்து ஏமாத்துறாரு, கோபி நம்மள கூட்டாளியாக்கிடுறாரு. இதுல எது பெருசுன்னு நான் மாசா மாசம் கட்சி மாறுறேன்.

கோபி சும்மா வந்த ஆளு இல்ல. அந்த 1953 பதிவ தயாரிச்ச வால்டர் லெக் பின்னாடி சொன்னது, மொத அங்கத்துல கோபி பாடினத தி சபாத்தா முப்பது தடவ பாட வச்சாராம், ஒவ்வொரு அசைக்கும் நெறம் மாத்தச் சொல்லி. அப்ப கோபிக்கு 39 வயசு. நான் நாலாவது சாம்பிளுக்கே சலிச்சுக்கிற ஆளு.

அதுக்கு அடுத்து ஒரு சின்ன வேடிக்கை, விசிறி. வேற ஒரு பொம்பளையோட விசிறிய காட்டி டோஸ்காவுக்கு பொறாமைய கெளப்புவான், கெளப்புறதுக்கு முன்னாடி தனக்குள்ள சொல்லிக்குவான், யாகோவுக்கு ஒரு கைக்குட்டை கெடச்சது, எனக்கு ஒரு விசிறின்னு. ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ வில்லன சொல்றான். வில்லனே இன்னொரு வில்லன தொழில் ரீதியா நெனச்சுப் பாக்கிறான் பாருங்க. இத சில பேரு இருமல் மாதிரி தாண்டிப் போயிடுவாங்க.

இப்ப தே தேயும், அதாவது சர்ச்சுல நன்றி சொல்லி பாடுற ஜெபம். மொத அங்கத்தோட முடிவு, எல்லாரும் போட்டுக் காட்டுறது இது தான். ரெண்டே சுரத்துல மணி திரும்ப திரும்ப அடிக்கும், பீரங்கி வெடிக்கும், ஆர்கன், பெரிய கோரஸ், அதுக்கு மேல ஸ்கார்பியா ஒருத்தன தூக்குக்கும் ஒருத்திய தன் கைக்கும்னு திட்டம் போட்டு, டோஸ்கா நீ என்னைய கடவுளையே மறக்க வைக்கிறேன்னு கத்திட்டு, மறு நிமிஷம் மத்தவங்களோட சேந்து ஜெபம் பாடுவான். மயிர்க்கூச்செறியும், சந்தேகமே இல்ல. ஆனா இத வச்சு பாரிடோன எட போடாதீங்க. நேர்ல மேடையில இந்த இடத்துல முக்காவாசி பேரு வாத்தியத்துக்குள்ள முங்கிடுவாங்க, ரெக்கார்டுல கேக்கிற அளவு மைக் வச்சவரு குடுத்த அளவு. வாரன் மட்டும் இதுக்கு விலக்கு, அவருக்கு உருண்ட பெரிய குரல், மைக் இல்லாமலே கோரஸ்க்கு மேல நிக்கக் கூடியவருன்னு குரல்லயே தெரியும். பாவம், 1960 மார்ச் 4ல நியூயார்க் மெட் ஒப்பேரா மேடையிலேயே, வேற ஒரு ஒப்பேரா பாடிட்டு இருக்கிறப்போ விழுந்து செத்துட்டாரு. 48 வயசு.

தே தேயும்ல நீங்க கேக்க வேண்டியது மொத அரை நிமிஷம். த்ரே ஸ்பிர்ரி, ஊனா கர்ரோட்ஸா. மூணு போலீஸ்காரன், ஒரு வண்டி, சீக்கிரம், அவ எங்க போனாலும் பின்னாடி போ, கண்ணுல படாத. இது வேல சொல்றது, பாட்டே இல்ல. கோபி இத சொல்றப்போ அவரு அந்த வேலைய செய்யப் போற தன் ஆளு ஸ்பொலேத்தாவ திரும்பி கூட பாக்கலைன்னு எனக்கு படம் வரும். வாரன் இங்கயும் அழகா பாடிடுறாரு, வேலக்காரனுக்கு கட்டளை போடுறப்போ எதுக்கு இவ்வளவு அழகு? அந்த ஸ்பிர்ரியில ரெண்டு ர உருளணும், அத வச்சும் ஆள கண்டுபுடிக்கலாம்.

இதே நேரம் நடத்துறவரையும் கணக்குல எடுங்க. கரயான் பல இடத்துல மெதுவா போவாரு, அதனால தத்தேயிக்கு வார்த்தைய மென்னு சாப்பிட நேரம் கெடைக்குது. தி சபாத்தா கயித்த இறுக்கி புடிச்ச மாதிரி, கோபிக்கு அந்த இறுக்கத்துக்குள்ளேயே எல்லாத்தையும் செய்யணும். நேரம் கூட குடுத்தது பாடகரோட கெட்டிக்காரத்தனம்னு எழுதிடாதீங்க.

இன்னொரு கோப்பை வேணும்னா ஃபிஷர்-டீஸ்காவ், 1966, ஜெர்மன்காரரு, தனிப்பாட்டுல பெரிய பேரு. அவரு ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ கோடு போட்டுக் காட்டுற மாதிரி பாடுவாரு. புத்திசாலி வில்லன், ஆனா தான் புத்திசாலின்னு அவனுக்கு ரொம்ப தெரியும். எங்க பக்கம் மாசி மாசம் காமன் கூத்துல எமன் வேசம் கட்டுறவருல ஒருத்தர் இப்படி தான், பல்ல கடிச்சிட்டே இருப்பாரு, சின்னப் புள்ளைங்க அழும், பெரியவங்க வெத்தலை போடப் போயிடுவாங்க. வீரப்பாவோட சிரிப்பையும் நம்பியார் கைய பெசையிறதையும் ரசிச்ச சனம் தான் நாங்க, இருந்தாலும் ரகுவரன் சும்மா நின்னு மெதுவா பேசுறப்போ தான் முதுகுல சில்லுன்னு ஏறும்.

ரெண்டாவது அங்கம் முழுக்கவே சாப்பாட்டு மேசையில நடக்குது. பக்கத்து ரூம்ல ஒருத்தன் கத்துறான், இவன் தட்டுல கை வச்சிட்டு இருக்கான். சிரிப்ப ஒப்பிடுங்க: டோஸ்கா கேப்பா குவான்தோ, எவ்வளவு வேணும்னு. அவனும் குவான்தோன்னு திருப்பிக் கேட்டு சிரிப்பான். நாலு பேரு நாலு விதமா சிரிப்பாங்க, மேடைச் சிரிப்பா உண்மைச் சிரிப்பான்னு ஒடனே தெரியும், விளக்கவே தேவையில்ல. அதுக்கு அப்புறம் ஜா மி தீச்சோன் வெனால், என்னைய காசுக்கு விலை போறவன்னு சொல்றாங்க, ஆனா அழகான பொம்பளைக்கு நான் காசுக்கு விலை போறதில்ல. அவனுக்குன்னு இருக்கிற பாட்டுல இது தான் பாட்டு மாதிரியே போறது. தத்தேயிக்கு இங்க யாரும் கிட்ட வர முடியாது, என் கணக்குல. இந்த நாலு நிமிஷத்துக்காகவே அந்த பதிவு வேணும்.

பேர் தெரியாம கேக்கிறத மட்டும் விட்டுடாதீங்க. நான் கோபி ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன், தங்கச்சி ஒரு நாள் "சரி, நான் போடுறேன், நீ சொல்லு"ன்னு ஃபோன புடுங்கி, தீர்த்தம் குடுக்கிற இடத்த நாலு பேரையும் மாத்தி மாத்தி போட்டுச்சு. நான் கண்ண மூடிட்டு "இது தான் கோபி, கேட்டியா அந்த வெசத்த"ன்னு சொன்னது தத்தேயி. அவ சிரிச்ச சிரிப்புல ஸ்கார்பியாவே தோத்தான். சாம்பிள் பாக்கிறப்பவும் கோப்பைக்கு அடியில தான் நம்பர் ஒட்டியிருக்கணும், மேல எழுதி வச்சா நாக்கு பொய் சொல்லும்.

வீடியோ கடைசியில பாருங்க, மொதல்ல பாக்காதீங்க. 1964 பெப்ரவரியில லண்டன் கோவென்ட் கார்டன்ல காலாஸும் கோபியும் ரெண்டாவது அங்கம் மட்டும் நடிச்சது கறுப்பு வெள்ளையில இருக்கு. அத ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா அப்புறம் எந்த பாரிடோன் பாடினாலும் கோபியோட மூஞ்சி தான் வரும், காது கெட்டுப்போச்சு. 1992ல டோஸ்காவ ரோம்ல கதை நடக்கிற அதே சர்ச், அதே மாளிகை, அதே கோட்டையில, அதே நேரத்துக்கு நேரடியா ஒளிபரப்பினாங்க, அதுல ருஜ்ஜேரோ ரைமொந்தி, உசரமான ஆளு, கண்ணாலயே பாதி வேலைய முடிச்சிடுவாரு. கண்ண மூடிட்டு கேட்டா மார்க் கொஞ்சம் கொறையும்.

இப்ப பைலா விசயம். டோஸ்கா ஒத்துக்கிறா, பதிலுக்கு கவரடோசிய விடணும். ஸ்கார்பியா தன் ஆளு ஸ்பொலேத்தாவ கூப்பிட்டு சொல்லுவான், சுடுற மாதிரி சுடு, பொய்ச் சூடு, பல்மியேரி பிரபுவுக்கு செஞ்ச மாதிரியே. டோஸ்கா பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கா. சிமுலாத்தா, பொய்ச் சூடு, அது அவளுக்கு. பல்மியேரி, அது ஸ்பொலேத்தாவுக்கு. அந்த பல்மியேரி உண்மையிலேயே செத்தவன், பேர சொன்னாலே வேலக்காரனுக்கு விளங்கிடும். ஆய் பென் கொம்ப்ரேசோ, நல்லா வெளங்கிச்சான்னு கேப்பான், வெளங்கிச்சுன்னு அவன் போவான். மொத்தம் பத்து பதினஞ்சு வார்த்தை. பாரிடோன் பல்மியேரிய கொஞ்சம் கூட அழுத்திட்டா டோஸ்கா முட்டாளாயிடுவா, அழுத்தலைன்னா ஸ்பொலேத்தாவுக்கு விளங்காது. தத்தேயி கிட்டத்தட்ட அன்பா சொல்றாரு. லண்டன் அழுத்துறாரு, எனக்கு கூடிப்போச்சு. கோபி அந்த பேர நடுவுல வைக்கிறாரு, கத்தி மேல காசு நிக்கிற மாதிரி.

அது எவ்வளவு சுத்தமா வேல செய்யும்னு எனக்கு தெரியும், ஏன்னா மூணாவது அங்கம் எங்கிட்ட இல்ல, பைலா தானே இருந்துச்சு. வசனம் தேடிப் படிச்சப்போ ரெண்டாவது அங்கத்தோட நிறுத்திட்டேன், கதை முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். கவரடோசி தப்பிச்சு ரெண்டு பேரும் கப்பல் ஏறிப் போயிட்டாங்கன்னு பல வருஷம் நம்பிட்டு இருந்தேன். பிறகு முழு ஒப்பேராவும் ஃபோன்ல கெடச்சு மூணாவது அங்கத்த கேட்டப்போ துப்பாக்கி வெடிச்சது, டோஸ்கா "எந்திரி, எந்திரி"ன்னு கூப்பிடுறா, அவன் எந்திரிக்கல. நான் ஸ்டோர் வாசல்ல நின்னுட்டு ஃபோன பாத்தேன். செத்த மனுசன் என்னையும் சேத்து ஏமாத்தியிருக்கான். ஒரு பாரிடோனுக்கு இத விட பெரிய சர்ட்டிபிகேட் நான் குடுக்க முடியாது, அதுக்காக தங்கச்சி விசயத்த மறக்கவும் முடியாது, அதனால பொஸ்தகத்துல கோபி, தத்தேயி ரெண்டு பேருக்கும் பக்கத்து பக்கத்துல தான் எழுதி வச்சிருக்கேன்.

கடைசி கோப்பை, பாரிடோன் வாயே தொறக்காத இடம். கத்தி எறங்கிடுச்சு, உதவின்னு மூச்சு முட்டி கத்தி அடங்கிட்டான், டோஸ்கா அவன் தலமாட்டுல மெழுகுதிரியும் நெஞ்சு மேல சிலுவையும் வைக்கிறதுக்கு முன்னாடி பொணத்த பாத்து பாட்டே இல்லாத மாதிரி ஒரே மட்டத்துல சொல்லுவா: எ அவான்தி ஆ லூயி த்ரெமாவா துத்தா ரோமா. இவன் முன்னாடி தான் ரோமே நடுங்கிச்சு. நாலு பதிவுலயும் இந்த ஒரு வரிய போடுங்க. எதுல அந்த வரி உங்களுக்கு உண்மைன்னு படுதோ, எதுல "இவனுக்கா?"ன்னு தோணுதோ, அத எழுதிக்குங்க. சித்தப்பாவுக்கு கேசட்ட போட்டு காட்டினப்போ இந்த இடம் வந்து டேப்பு டக்குன்னு நின்னுச்சு. வில்லன் செத்துட்டான்னு சொன்னேன். அவரு கதவ பாத்துட்டு, "நல்லா பாத்தானுங்களா?"ன்னு கேட்டாரு.